வட கரேலியாவின் இரத்த அழுத்தம்: ஒரு மாகாணம் தன் உணவை மாற்றிய நிகழ்வின் ஆய்வு

பின்லாந்தின் கிழக்கு எல்லையில், அன்றைய சோவியத் ஒன்றியத்தை ஒட்டிக் காடும் ஏரியுமாகப் பரந்து கிடக்கும் வட கரேலியா மாகாணத்தில் 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,80,000 பேர் வாழ்ந்தனர். 1972ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் அங்கே எடுக்கப்பட்ட முதல் அளவாய்வில், 30 முதல் 59 வயது வரையிலான ஆண்களின் சராசரி இரத்த அழுத்தம் 149/92 மி.மீ. பாதரசமாகவும், அதே வயதுப் பெண்களின் சராசரி 153/92 ஆகவும் இருந்தன. 140/90ஐத் தொட்டாலே உயர் இரத்த அழுத்தம் என்று குறிக்கப்படும் இன்றைய வழக்கத்தை வைத்துப் பார்த்தால், அங்கே நோயாளிகளின் சராசரி அன்று, ஒரு மாகாணத்து மக்கள் அனைவரின் சராசரியே அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. இதே அளவாய்வை அதே முறையில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பச் செய்து வந்த குழு, 2007இல் ஆண்களிடம் 138/83ஐயும் பெண்களிடம் 134/78ஐயும் கண்டது. ஆண்களிடம் மேல் எண் 11 மி.மீ., பெண்களிடம் 19 மி.மீ. குறைந்திருந்தது. இந்த இறக்கம் எதனால் நிகழ்ந்தது, அதில் உணவின் பங்கு எவ்வளவு, எந்த முயற்சி பலித்தது, எது பலிக்கத் தாமதமானது என்பவையே இந்த ஆய்வின் பொருள்.

மருத்துவரின் அறையில் "உப்பைக் குறையுங்கள், உடம்பைக் குறையுங்கள்" என்று கேட்டுவிட்டு வீடு திரும்பி, சில வாரங்களில் பழையபடியே சாப்பிடத் தொடங்கிவிட்டு, மன உறுதி இல்லாதவர் என்று தம்மையே நொந்துகொள்பவர்கள் ஏராளம். வட கரேலியாவின் வரலாற்றை அவர்கள் முன் வைப்பது அவசியம் என்று கருதுகிறேன். அங்கே இரத்த அழுத்தத்தை இறக்கியதில் தனி மனிதரின் உறுதிக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் வீட்டுச் சமையல், ரொட்டிக்கடை, தொத்திறைச்சி ஆலை, செவிலியரின் அட்டை, இறுதியில் அரசாணை ஆகிய அனைத்தும் ஒரே திசையில் நகர்ந்த பிறகே அந்த உறுதி நிலைத்தது.

போருக்குப் பின் வந்த கொழுப்பும் உப்பும்

இரண்டாம் உலகப் போரில் பின்லாந்து தன் கரேலியப் பகுதியில் பெரும் நிலத்தைச் சோவியத் ஒன்றியத்திடம் இழந்தது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கும் இடம்பெயர்ந்தவர்களுக்கும் அரசு சிறு நிலங்களைப் பிரித்துக் கொடுத்தது. காட்டை வெட்டித் திருத்திய அந்த நிலங்களில், நீண்ட குளிரின் காரணமாக, மாடும் பன்றியும் வளர்ப்பதே நம்பத்தக்க பிழைப்பாயிற்று. பஞ்சத்தையும் போரையும் கண்ட குடும்பங்களுக்கு வெண்ணெயும் கொழுப்பு நீக்காத பாலும் இறைச்சியும் வாழ்வு திரும்பியதன் அடையாளங்களாயின. கோதுமைக்கு நெருங்கிய இனமான ரை தானியத்து ரொட்டியின் மேல் வெண்ணெயைத் தடிமனாகப் பூசினார்கள். சமைப்பதும் வெண்ணெயிலேயே நடந்தது. தாவர எண்ணெய் இருந்த வீடுகள் மிகச் சில. காய்கறியோ, கால்நடைக்குப் போடும் தீனி என்ற எண்ணம் பலரிடம் இருந்தது.

உப்பு வேறு வழியில் வந்தது. குளிர்பதனப் பெட்டி பரவும்வரை மீனையும் இறைச்சியையும் குளிர்காலம் முழுவதும் காப்பாற்றியது உப்புதான். நம் கடலோரத்துக் கருவாட்டைப் போல, அங்கே ஏரி மீன்கள் உப்பில் ஊறிக் கிடந்தன. குளிர்பதனப் பெட்டி வந்த பிறகும் நாக்கு அந்த உப்பையே கேட்டது. ரொட்டியிலும் தொத்திறைச்சியிலும் பாலாடைக்கட்டியிலும் ஆலைகள் அதை அப்படியே தொடர்ந்தன. 1979இல் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளந்தபோது, பின்லாந்து ஆண்களின் சோடியம் ஒரு நாளைக்கு 220 மில்லிமோலைத் தாண்டியிருந்தது. உப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 13 கிராம். பெண்களிடம் அது 180 மில்லிமோலை நெருங்கியது. அதாவது 10 கிராமுக்குச் சற்று மேல். உலகச் சுகாதார நிறுவனம் இன்று பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு.

இந்த உணவின் விளைவு முதலில் இதய நோயாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகளின் ஒப்பாய்வில் பின்லாந்தும் இருந்தது. மார்த்தி கார்வொனென் அதன் பின்லாந்துப் பகுதியை நடத்தினார். கிழக்குப் பின்லாந்தின் ஆண்களிடம் இதய நோய்ச் சாவு மற்ற எல்லாக் குழுக்களையும்விட அதிகமாக இருந்தது. காட்டில் மரம் வெட்டும், உடல் உழைப்புக்குக் குறைவே இல்லாத ஆண்கள் ஐம்பது வயதுக்கு முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். உழைக்கிற உடம்புக்கு எதுவும் வராது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு செய்தியை மனத்தில் நிறுத்த வேண்டும்.

மனுவும் இளைஞர் குழுவும்

1971ஆம் ஆண்டு ஜனவரியில் மாகாண ஆளுநரும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் உள்ளூர் அமைப்புகளின் தலைவர்களும் கையெழுத்திட்டு, தங்கள் மக்கள் இப்படிச் சாவதைத் தடுக்க ஏதேனும் செய்யுங்கள் என்று தலைநகருக்கு மனு அனுப்பினார்கள். அதன் பயனாக 1972இல் வட கரேலியாத் திட்டம் தொடங்கியது. அதன் தலைமை, மருத்துவத்தோடு சமூக அறிவியலும் படித்த பெக்கா புஸ்கா என்ற 27 வயது இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரத்த அழுத்தம் சார்ந்த பணிகளில் யாக்கோ துவோமிலேத்தோ, ஔலிக்கி நிஸ்ஸினென் ஆகியோர் முன்நின்றார்கள். பக்கத்து மாகாணமான குவோப்பியோ ஒப்பீட்டுப் பகுதியாகக் குறிக்கப்பட்டது. அங்கே திட்டத்தின் பணிகள் நடக்காது, அளவாய்வு மட்டும் நடக்கும்.

புகை, கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம் என்ற மூன்றையும் ஒருசேரக் குறைப்பதே திட்டத்தின் இலக்கு. இந்தக் கட்டுரை மூன்றாவதை மட்டுமே பின்தொடர்கிறது. ஆனாலும் ஒரே தட்டிலிருந்து வரும் கொழுப்பையும் உப்பையும் முழுவதுமாகப் பிரித்துப் பேசுவது இயலாது என்பதைப் பின்னர் காண்போம்.

முதல் வேலை அளப்பதாக இருந்தது. உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் சிகிச்சையில் இல்லை. அதே 1972இல் பின்லாந்தில் ஆரம்ப சுகாதாரச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஊர்தோறும் சுகாதார மையங்கள் எழுந்தது திட்டத்துக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. அங்கே இரத்த அழுத்தம் பார்ப்பதும், அதிகமாக இருப்பவரைப் பதிவேட்டில் சேர்ப்பதும், குறித்த நாளில் வராதவரைத் திரும்ப அழைப்பதும் செவிலியர்களின் பொறுப்பாயின. மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்காமல் அளந்துகொள்ளலாம் என்ற நிலை வந்ததும், பதிவேடு சில ஆண்டுகளிலேயே நிறைந்தது. உணவு மாற்றத்தைப் பற்றிய பேச்சுகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. எண் தெரியாதவர் உணவை எதற்காக மாற்றுவார்?

சமையலறைக்குள்

திட்டக்குழு எழுதி வெளியிட்ட அறிவுரைகளைவிட, மார்த்தா என்ற பெண்கள் அமைப்பே வீடுகளுக்குள் நுழைந்தது. 1899இல் தொடங்கிய இந்த இல்லப் பொருளியல் அமைப்புக்குக் கிராமந்தோறும் கிளைகள் இருந்தன. உறுப்பினர்கள் வெளியூர்க்காரர்கள் அல்லர், பக்கத்து வீட்டுக்காரிகள். "நீண்ட ஆயுள்" என்ற பெயரில் அவர்கள் ஊர்க்கூடங்களில் கூட்டங்கள் நடத்தினார்கள். சுகாதாரப் பணியாளர் ஒருவர் சிறிது நேரம் பேசுவார். அதன் பின் பெண்கள் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். வந்தவர்கள் எல்லோரும் அமர்ந்து சாப்பிட்டுவிட்டு, செய்முறைத் தாளை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

அங்கே சமைத்த ஒரு பண்டத்தை அருகில் சென்று பார்ப்போம். கரேலியாவின் பெருமைக்குரிய உணவு, அந்த மண்ணின் பெயராலேயே வழங்கும் இறைச்சிக் குழம்பு. பன்றி, மாடு, சில வீடுகளில் ஆடு என்று இறைச்சித் துண்டுகளைக் கனத்த பானையில் போட்டு, உப்பும் மிளகும் இட்டு, மூழ்குமளவு நீர் ஊற்றி, ரொட்டி சுட்ட அடுப்பின் தணியும் சூட்டில் மணிக்கணக்கில் வைத்துவிடுவார்கள். மேலே கொழுப்பு மிதக்கும். மார்த்தா பெண்கள் இந்தக் குழம்பை விடச் சொல்லவில்லை. அதே பானை, அதே அடுப்பு, கொழுப்பு மிகுந்த பன்றித் துண்டுகளில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உருளைக்கிழங்கும் கேரட்டும் அங்கே விளையும் மஞ்சள் கிழங்கு வகையான ரூட்டபாகாவும் சேர்த்தார்கள், உப்பைக் குறைத்தார்கள். நெடுநேரம் வேகும் கிழங்கும் கேரட்டும் இனிப்பைக் குழம்பில் விடுவதால், உப்பு குறைந்தது உடனே நாக்கில் படவில்லை. ஊர்ப் பண்டத்தைத் தூக்கி எறியாமல் அதற்குள்ளேயே மாற்றம் செய்த இந்த முடிவு, திட்டம் எடுத்த முடிவுகளில் மிகச் சிறந்தது என்பது என் கணிப்பு. புதிதாக ஓர் உணவைச் சாப்பிடச் சொன்னால் அது மருந்தாகிவிடுகிறது. நோய் வந்தவர் மட்டும் தனித் தட்டில் சாப்பிடுவார், குடும்பம் பழையபடியே சாப்பிடும்.

ஆலைகளிடமும் பேசினார்கள். பால் பண்ணைகள் கொழுப்புக் குறைந்த பாலைக் கொண்டுவந்தன. தொத்திறைச்சி செய்பவர்கள் கொழுப்பையும் உப்பையும் குறைத்துப் பார்த்தார்கள். பால் மாடுகளை நம்பிய உழவர்கள் இவற்றைத் தங்கள் பிழைப்பின் மேல் விழுந்த அடியாகக் கண்டது இயல்பே. 1980களின் நடுவில், அந்தக் குளிரிலும் நன்கு விளையும் ஸ்ட்ராபெர்ரி, கரண்ட் போன்ற சிறு பழங்களைப் பயிரிட உழவர்களுக்கு உதவும் பெர்ரித் திட்டம் அரசு ஆதரவோடு தொடங்கியது. நாட்டில் கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதையின் எண்ணெய் உற்பத்தியும் வளர்ந்தது. உண்பவரிடம் மட்டும் பேசிவிட்டு விளைவிப்பவரை மறந்திருந்தால் இந்தத் திட்டம் முதல் ஐந்தாண்டிலேயே ஊர்ப் பகையைச் சம்பாதித்திருக்கும்.

தம்பதியர் சோதனை

வட கரேலியாவின் ஊர்களில் 57 தம்பதியரைக் கொண்டு நடத்திய ஒரு சிறு சோதனையின் முடிவு 1983இல் வெளிவந்தது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் குழு கொழுப்பைக் குறைத்து, எஞ்சிய கொழுப்பிலும் வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டது, காய்கறியும் கூடியது. இரண்டாம் குழு உப்பைப் பாதிக்கும் கீழே இறக்கியது. மூன்றாம் குழு வழக்கம்போல் உண்டது. சில வாரங்களில் முதல் குழுவின் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 138/89இலிருந்து 130/81க்கு இறங்கியது. பழைய உணவுக்குத் திரும்பியதும் மீண்டும் ஏறியது. உப்பைக் குறைத்த குழுவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

உப்புதான் எல்லாம் என்று நினைப்பவருக்கு இது சங்கடமான முடிவு. சிறு குழுக்களில் சில வாரங்கள் நடத்திய ஒரு சோதனையைக் கொண்டு உப்பை விடுவித்துவிட முடியாது. பின்னர் வந்த பல சோதனைகள் உப்பைக் குறைத்தால் இரத்த அழுத்தம் இறங்கும் என்பதை ஐயமற நிறுவியுள்ளன. இருப்பினும், தட்டின் மொத்த அமைப்புக்கு உப்பைச் சாராத ஆற்றல் உண்டு என்பதை இந்தச் சோதனை முன்கூட்டியே காட்டியது. 1997இல் அமெரிக்காவில் 459 பேரிடம் நடந்த டாஷ் உணவுச் சோதனை அதை உறுதிப்படுத்தியது. அங்கே உப்பின் அளவையும் உடல் எடையையும் மாற்றாமல், பழம், காய்கறி, கொழுப்புக் குறைந்த பால்பொருள் ஆகியவற்றை மிகுத்து, நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தார்கள். உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்களிடம், ஒப்பீட்டுக் குழுவைவிட மேல் எண் 11.4, கீழ் எண் 5.5 மி.மீ. கூடுதலாக இறங்கியது. 2001இல் வந்த தொடர் சோதனை, அதே உணவோடு உப்பையும் குறைத்தால் இறக்கம் மேலும் கூடுவதைக் காட்டியது.

உடலின் இயக்கத்தை நோக்கினால் இது புரியும். சோடியம் மிகும்போது அதை வெளியேற்ற முடியாத சிறுநீரகம் நீரையும் தக்கவைக்கிறது. குழாய்க்குள் இரத்தத்தின் அளவு கூடுகிறது. குழாய்ச் சுவரும் இறுகுகிறது. காய், பழம், கிழங்கு, பால் ஆகியவற்றில் உள்ள பொட்டாசியம் அதே சிறுநீரகத்தைச் சோடியத்தை வெளியேற்றத் தூண்டுகிறது. கரேலியக் குழம்பில் பன்றிக்கொழுப்பின் இடத்தைக் கிழங்கு பிடித்தபோது, ஒரே கரண்டியில் உப்பு குறைந்தது, பொட்டாசியம் கூடியது, கொழுப்பின் தன்மையும் மாறியது.

உப்பு இறங்கியது எப்படி

திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் எதிர்பார்த்த வேகத்தில் இறங்காதது உப்புதான். காரணம் எளிது. வீட்டுப் பெண் குழம்பில் போடும் உப்பைக் குறைக்கலாம்; கடையில் வாங்கும் ரொட்டியில் இருக்கும் உப்பை அவளால் ஒன்றும் செய்ய முடியாது. ரொட்டி உப்புக் கரிக்காது. ஆனால் மூன்று வேளையும் உண்ணும் பொருளில் எடைக்கு ஒன்றரை விழுக்காடு உப்பு இருந்தால், அது ஓசையின்றிப் பல கிராமாகச் சேர்ந்துவிடும்.

1970களின் பிற்பகுதியிலிருந்து ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் மருந்தியலாளர் ஹெய்க்கி கார்ப்பானென் இதைப் பொதுவெளியில் பேசலானார்; நாட்டின் பெரிய நாளிதழான ஹெல்சிங்கின் சனோமத் தொடர்ந்து எழுதியது. அவர் உருவாக்கிய பான்சால்ட் என்ற தாது உப்பில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியமும் மக்னீசியமும் இருந்தன. ரொட்டிச் சாலைகளும் இறைச்சி ஆலைகளும் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. (இதைப் படிக்கும் சிறுநீரக நோயாளிகளும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் சில வகை இரத்த அழுத்த மருந்துகளை உண்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பொட்டாசியம் கலந்த உப்பு அவர்களுக்கு ஆபத்தானது, மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.)

தீர்மானமான அடி 1993இல் விழுந்தது. ரொட்டியில் 1.3 விழுக்காட்டுக்கு மேல் உப்பு இருந்தால், தொத்திறைச்சியில் 1.8க்கு மேல் இருந்தால், பாலாடைக்கட்டியில் 1.4க்கு மேல் இருந்தால், "உப்பு மிகுந்தது" என்று உறையின் மேல் அச்சிட வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. எந்தப் பொருளையும் தடை செய்யவில்லை. ஆனால் எந்த ஆலையும் அந்தச் சொற்களைத் தன் ரொட்டியின் மேல் தாங்க விரும்பவில்லை. செய்முறையை மாற்றி எல்லைக்குக் கீழே வந்தன, வர முடியாத பொருள்கள் கடையிலிருந்தே மறைந்தன. வாங்குபவர் உறையைப் படித்தாரா இல்லையா என்பது இரண்டாம் நிலைக் கேள்வியாகிவிட்டது. படிக்காதவருக்கும் உப்பு குறைந்தது. 2000இல் பின்லாந்து இதய அமைப்பும் நீரிழிவு அமைப்பும் இணைந்து நல்ல பொருள்களுக்கு இதயச் சின்னம் தரத் தொடங்கின.

2002இல் அளந்தபோது ஆண்களின் சோடியம் 170 மில்லிமோலுக்கும், பெண்களின் சோடியம் 130 மில்லிமோலுக்கும் கீழே வந்திருந்தது. உப்பாக முறையே 10 கிராமும் ஏழரைக் கிராமும். கால் நூற்றாண்டுக்குள் இருபாலரிடமும் ஏறக்குறைய 3 கிராம் போயிருந்தது. படிப்படியாக நடந்ததால் நாக்கு அதை உணரவில்லை. உப்பு குறைந்த உணவைச் சில வாரங்கள் தொடர்ந்து உண்டால் சுவை உணர்வே அதற்கேற்பத் தணிந்துவிடுவதை மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இறக்கத்துக்கு யார் பொறுப்பு

இந்த நிகழ்வின் மேல் வைக்கப்படும் கேள்விகள் நேர்மையானவை. அவற்றைத் தாண்டிப் போக முடியாது. முதல் ஐந்தாண்டில் வட கரேலியாவின் இரத்த அழுத்தம் குவோப்பியோவைவிட அதிகமாக இறங்கியது. அதன் பின் குவோப்பியோவிலும் நாடு முழுவதிலும் இறங்கத் தொடங்கியது. அப்படியானால் இது எப்படியும் நடந்திருக்கும் மாற்றமா? முழு விடை தரவல்ல சோதனை எதுவும் இல்லை. திட்டம் 1977க்குப் பின் நாடு தழுவியதாக விரிந்தது, தொலைக்காட்சியும் ஆலைகளும் மாகாண எல்லையில் நிற்பவை அல்ல என்பவற்றையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

மருந்துதான் காரணமா என்பது அடுத்த கேள்வி. பதிவேட்டில் சேர்ந்தவர்கள் மருந்து உண்டார்கள். அதன் நன்மை மெய்யானது. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்தில் ஒருவர் மருந்து உண்டு, அவர் ஒவ்வொருவரின் மேல் எண்ணும் 15 மி.மீ. இறங்கியதாகவே வைத்துக்கொண்டாலும், மொத்த மக்களின் சராசரி 3 மி.மீ. மட்டுமே இறங்கும். பெண்களிடம் கண்ட 19 மி.மீ. இறக்கத்தை அதனால் விளக்க முடியாது. சராசரியே இந்த அளவு நகர வேண்டுமானால், நோயாளி என்று யாரும் அழைக்காதவர்களின் எண்களும் இறங்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது, எடையும் மதுவும். இவை இரண்டும் இரத்த அழுத்தத்தை உயர்த்துபவை. இதே பத்தாண்டுகளில் பின்லாந்தில் சராசரி உடல் எடையும் மது அருந்தும் அளவும் கூடின. எதிர்த்திசையில் இரண்டு சுமைகள் இழுத்தபோதும் இறங்கிய எண் இது. எடையையும் மதுவையும் கட்டுப்படுத்தியிருந்தால் இன்னும் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை; இந்தத் திட்டம் கைவிட்ட வாய்ப்பு அதுவே.

பத்து மி.மீ. என்பது தனி ஒருவரின் அட்டையில் சிறு வேறுபாடாகத் தோன்றலாம். பத்து லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்து 2002இல் வெளியான ஆய்வு, நடு வயதில் மேல் எண் 2 மி.மீ. குறைவாக இருந்தாலே பக்கவாதச் சாவு ஏறத்தாழ 10 விழுக்காடும், இதயக் குழாய் நோய்ச் சாவு ஏறத்தாழ 7 விழுக்காடும் குறையும் என்று கணக்கிட்டது. வட கரேலியாவில் உழைக்கும் வயது ஆண்களின் இதயக் குழாய் நோய்ச் சாவு, திட்டத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட 2006ஆம் ஆண்டளவில் 85 விழுக்காடு குறைந்திருந்தது. அதில் பெரும் பங்கு கொலஸ்ட்ரால் குறைந்ததற்கு உரியது. இரத்த அழுத்தத்துக்கும் புகைபிடிப்பு குறைந்ததற்கும் அடுத்த பங்குகள்.

நம் சமையலறைக்கு இதை எடுத்து வருபவர் ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். பின்லாந்தில் உப்பின் பெரும்பகுதி ஆலையிலிருந்து வந்தது; நம் வீடுகளில் இன்னும் பெரும்பகுதி சமைப்பவரின் கையிலிருந்தும் ஊறுகாய், அப்பளம், வற்றல் ஆகியவற்றிலிருந்தும் வருகிறது. ஆணைக்குக் காத்திராமல் வீட்டிலேயே குறைக்க நமக்கு அவர்களைவிட இடம் அதிகம். அதே நேரத்தில் மருந்து உண்பவர் உணவை மாற்றினேன் என்று தானாக மாத்திரையை நிறுத்துவது கூடாது. எண் இறங்கி நிலைத்த பிறகு அளவைக் குறைப்பது மருத்துவரின் முடிவு.

வட கரேலியாவின் கதை முடிந்துவிடவில்லை. 2012 அளவாய்வில், மாவுச்சத்தைத் தவிர்த்து வெண்ணெய்க்குத் திரும்பும் மோகம் பரவியிருந்த காலத்தில், பல பத்தாண்டுகளாக இறங்கி வந்த கொலஸ்ட்ரால் முதல் முறையாக மேலே திரும்பியது. பின்லாந்து மக்களின் உப்பும் பரிந்துரைத்த 5 கிராமை இன்னும் எட்டவில்லை. 1972இல் தொடங்கிய ஐந்தாண்டு அளவாய்வு நாடு முழுவதற்கும் விரிந்து தொடர்ந்ததால்தான் இந்தத் திருப்பம் உடனே தெரிய வந்தது.